பிள்ளைக்காம்பராவில் மல்லிகை வாசம்

மல்லிகைப்பூ வாசம் அடித்தால் எல்லாருக்கும் கோயில் ஞாபகம் வரும், கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்குச் சந்தேகம்தான் வரும். யார் வைத்திருக்கிறார்கள், எதற்கு வைத்திருக்கிறார்கள், இந்தத் தேயிலைமலைக் குளிருக்குள் இது எந்த வழியாக வந்தது என்று மூக்கு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகத் தேடத் தொடங்கிவிடும்.

போன வாரம் என் மகள் தர்ஷினி கொழும்பிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கம்பனியில் வேலை. வந்ததும் பையைத் திறந்தாள். வாழையிலையில் சுருட்டிய மல்லிகைச் சரம். அக்கரப்பத்தனை பஸ்ஸில் அத்தனை வளைவு நெளிவில் நசுங்கியும் வாசம் மட்டும் குறையவில்லை. தலையில் வைத்துக்கொள்ளப்போகிறாள் என்று பார்த்தேன். இல்லை. சாப்பிட்டுவிட்டு, சரத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்தாள்.

“ஏம்மா, இந்த வாசம் இருந்தா மட்டும் எனக்கு ஏன் இப்புடித் தூக்கம் வருது?” என்று கேட்டாள்.

இது சும்மா கேட்கிற கேள்வியா? யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் பட்டது.

“ஒனக்கு யாராச்சும் என்னமும் சொன்னாங்களா?”

“பூ வாசத்தப் பத்திக் கேட்டாக்கூட பொலிஸ் மாதிரி விசாரிக்கிறீங்களேம்மா” என்று சிரித்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

யாரும் சொல்லியிருக்க முடியாது. விஷயம் தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பெண்கள். ஒருவர் உயிரோடு இல்லை. ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. மிச்சம் நான். இத்தனை காலமும் வாய் திறக்காதவள் இப்போது உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்களை முழுக்க நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. உள்ளே வைத்து வைத்து அலுத்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

என் சந்தேகம் நேற்று இன்று வந்ததல்ல. கடையில் சீனி நிறுத்தால் நான் தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரர் கையைப் பார்ப்பேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கிற சிவப்பு மருந்தை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். கோயிலில் ஒருமுறை சாமியாடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் குறி சொன்னார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான், “எம்பேர ஒங்களுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. வேலை முடிந்து நான் எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டுக்குள் நுழைந்தால், “சி.ஐ.டி. வந்திருச்சு, எல்லாரும் வரிசையா நில்லுங்க” என்பார். எல்லாரும் என்று சொல்ல அந்த வீட்டில் அப்போது அவரை விட்டால் ஆளில்லை.

ஆமாம், கல்யாணமாகி வெகுநாள் எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேண்டாத சாமி இல்லை. கடைசியில் தர்ஷினி வயிற்றில் வந்தபோது அதையும் நான் நம்பவில்லை. மிட்வைஃப் அம்மா சொன்னதும், “நல்லாப் பாத்தீங்களா மிஸ்?” என்றேன். பிறந்ததும் கையில் வாங்கி, முதல் வேலையாக அவள் காதோரத்தில் இருந்த மச்சத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். பிள்ளை மாறிவிட்டால் கண்டுபிடிக்க வேண்டாமா? சந்தோஷம் என்பது எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிற சொந்தமல்ல. வந்தால், பின்னால் யாரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும்.

பேறுகால லீவு முடிந்தது. மறுபடி விடிகாலையில் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அங்கேதான் யார் எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்று ஆள் பிரிப்பார்கள். அதற்கு முன்னால் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். எங்கள் வரிசை வீட்டு லயத்துக்குக் கீழே, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிற பாதையில், தகரம் போட்ட நீளக் கட்டடம் அது. உள்ளே உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அவரவர் பிள்ளைக்கு அவரவர் கட்டிக் களைந்த சேலை. தாயின் வாசம் பக்கத்தில் இருந்தால் பிள்ளை மலங்காது என்று ஒரு கணக்கு. நான் கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டினேன். முடிச்சை இரட்டையாகப் போட்டேன். யாராவது அவிழ்த்துக் கட்டினால் எனக்குத் தெரிய வேண்டும்.

அதற்குப் பொறுப்பாக ஓர் ஆயா இருந்தார். ஆயாம்மா என்போம். பருத்த உடம்பு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இன்னொரு பிள்ளையின் மூக்கைத் துடைப்பார். பெரியவர்களிடம் சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடம் மட்டும் சிரிப்பார், அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாதபோது. மறைத்துச் சிரிக்கிற ஆட்களை எனக்கு எப்போதும் ஆகாது. போதாக்குறைக்கு, ஆயாம்மா குடிக்கிற தேத்தண்ணி ரொம்ப வெள்ளையாக இருந்தது. பிள்ளைகளுக்கு வருகிற பால்மாவில் கை வைக்கிறார் என்று நான் முதல் வாரமே முடிவு கட்டிவிட்டேன்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் மலையில் மழை என்றால் சும்மா வந்து போகிற மழையில்லை. விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டே இருக்கும். இடுப்பில் தார்ப்பாய் மாதிரிப் படங்கைச் சுற்றிக் கட்டியிருந்தாலும், தலையில் கம்பளி போட்டிருந்தாலும், தேயிலைச் செடி உரசி உரசி மேலெல்லாம் தெப்பமாக நனைந்துவிடும். அப்படி நனைந்து வருகிற தாய் நேரே போய்ப் பிள்ளையைத் தொடக்கூடாது. படங்கை வாசலிலேயே கழற்றிப் போட வேண்டும். கூந்தலைப் பிழிய வேண்டும். பின்பக்கத்துச் சமையலறையில் பெரிய விறகடுப்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று காய வேண்டும். குளிர்ந்த உடம்போடு பால் கொடுத்தால் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி கட்டும் என்பார். ஆயாம்மா வந்து புறங்கையை நம் முதுகில் வைத்துப் பார்ப்பார். “இன்னும் காயல, நில்லுடி” என்றால் நிற்க வேண்டியதுதான். “காஞ்சிருச்சு” என்றால்தான் பிள்ளை கைக்கு வரும்.

இன்றைக்கும் எங்கேயாவது ஈரக் கம்பளி காய்கிற வாடை, விறகுப் புகையோடு சேர்ந்து வந்தால் என் நெஞ்சு கனத்துக்கொண்டு வரும். பால் கட்டுகிற அந்தக் கனம். உடம்புக்கு எவ்வளவு ஞாபகசக்தி என்று பாருங்கள்.

அந்த மாதங்களில் எங்களுக்கு மேல்மலையில் வேலை. ஏறினால் மேகத்துக்குள்தான் நிற்போம். பால் கொடுக்கிற பெண்களை இடையில் ஒருதரம் இறங்கிவர விடுவார்கள். ஓடி இறங்கி, அடுப்படியில் நின்று, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி மூச்சிரைக்க ஏற வேண்டும். தாமதமானால் கங்காணி, “என்னாம்மா, ஊருக்கா போயிட்டு வாறீங்க?” என்பார். ஆகவே அடுப்படியில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்குக் கசந்தது. அதிலும் ஒன்று கவனித்தேன். மற்றவர்களை ஆயாம்மா சீக்கிரம் விட்டுவிடுகிறார். என்னை மட்டும் “நில்லு, நில்லு” என்கிறார். இருமுறை வந்து முதுகைத் தொட்டுப் பார்க்கிறார். என்னிடம் அப்படி என்ன தனி ஈரம்?

அடுத்தது, பிள்ளை குடிக்கவில்லை.

கையில் வாங்கி மார்பில் அணைத்தால் தர்ஷினி இரண்டு வாய் சப்புவாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். பசியில்லாத பிள்ளையின் முகம் தாய்க்குத் தெரியாதா? நான் மலையில் பால் கட்டி, சட்டை நனைந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வருகிறேன். இவள் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருக்கிறாள். சீனித்தண்ணி ஏதாவது கொடுக்கிறாரா, தூங்க வைக்க மருந்து ஏதாவது கொடுக்கிறாரா என்று எனக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. பிள்ளையின் வாயை முகர்ந்து பார்த்தேன். பால் வாசம்தான். கண்ணை விரித்துப் பார்த்தேன். தெளிவாக இருந்தது.

“புள்ளைக்கு என்னாங்க குடுக்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“என்னாத்தக் குடுக்குறேன்? அழுதா ஆட்டுறேன். ஒம்புள்ளைக்குப் பசியெடுக்கலன்னா நான் என்னா செய்ய?” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வாசம். ஒரு சாயந்தரம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறும்போது அவள் தலையிலிருந்து மல்லிகை வாசம் வந்தது. நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்துக் குளிருக்கு மல்லிகைக் கொடி வைத்தால் இலைதான் விடும். பூ கீழேயிருந்து பஸ்ஸில் தலவாக்கலைக்கு வர வேண்டும், வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கென்று ஒரு முழம் வாங்குவதே பெரிய காரியம். வேலை நாளில், மழைக்குள், யார் மல்லிகை வைத்துக்கொண்டு என் பிள்ளையைத் தூக்கியது? அடுத்த நாளும் வாசம். மூன்றாம் நாள் அவளைச் சுற்றியிருந்த துணி மடிப்பில் ஓர் இதழ், பழுப்பாக நசுங்கிக் கிடந்தது.

வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வந்தது என்றால் சிரிக்காதீர்கள். அவருக்குக் கவ்வாத்து வேலை. தேயிலையை வெட்டிவிட்டு மத்தியானத்தோடு முடித்துவிடுவார். சில நாள் எனக்கு முன்னால் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தும் இருக்கிறார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து சட்டையை எடுத்து முகர்ந்தேன். வேர்வையும் பீடிப் புகையும்தான். திரும்பிப் பார்த்தால் ஈரத் துண்டோடு வாசலில் நிற்கிறார்.

“என்னா சி.ஐ.டி., என்னா அகப்பட்டுச்சு?”

“மல்லியப்பூ வாசம் வருதுங்க.”

“ஏஞ்சட்டையிலயா?”

“புள்ள தலையில.”

“அப்ப புள்ளையத்தான் விசாரிக்கணும். அவ எங்கெங்க போயிட்டு வாறான்னு கேளு” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் ரொட்டி தட்டப் போய்விட்டார்.

அந்தச் சாயந்தரங்களை இப்போது நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. சுடுதண்ணி வைத்து அகலச் சட்டியில் பிள்ளையை உட்கார்த்திக் குளிப்பாட்டுவேன். தண்ணியை அடித்து அடித்து அடுப்பில் தெறிக்க வைப்பாள். அவர் தட்டிய ரொட்டி ஒரு பக்கம் கருகியிருக்கும், மறுபக்கம் மாவாக இருக்கும். அதற்குக் கட்டைச்சம்பல். வீட்டில் அவள் என்னிடம் நன்றாகவே குடித்தாள். குடிக்கும்போது ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொள்வது அவள் பழக்கம். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் அந்த நேரத்திலும் எனக்கு ஓர் ஓரமாக ஓடிக்கொண்டே இருந்தது: பகலில் இவள் யாருடைய பிள்ளையாக இருக்கிறாள்?

காம்பராவின் மூலையில் ஒரு பலகைத் தட்டில் மாரியம்மன் படம். விளக்கேற்றும்போது நான் அம்மனிடமும் கறாராகத்தான் பேசினேன். என் பிள்ளை பகலில் பால் குடித்தால் உனக்குப் பொங்கல் வைக்கிறேன், ஆனால் அவள் முதலில் குடிக்கட்டும், பொங்கல் அதற்குப் பிறகுதான் என்றேன். முன்பணம் கொடுக்கிற ஆள் நானில்லை.

இங்கே சரஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்காம்பராவை ஒட்டின லயத்தில் இருந்தவள், என்னைவிட இளையவள். எனக்குத் தர்ஷினி பிறந்து கொஞ்ச நாளில் அவளுக்கும் முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளைதான். பிறந்து சில வாரத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பெரட்டுக்கு வரவில்லை. பீலிக்குத் தண்ணி எடுக்க வந்தால் கடைசி ஆளாக வருவாள். கைப்பிள்ளைக்காரிகள் அவளைக் கண்டால் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொள்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பார்வை பட்டால், மூச்சுப் பட்டால் ஆகாது என்று ஒரு பயம். நானும் மூடினேன். எல்லாரையும்விட இறுக்கி மூடினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, பாதையின் அடுத்த ஓரத்துக்குத் தானாகவே நகர்ந்து போவாள்.

பனிக்காலம் வந்தது. மழை விட்டு, காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்து, பிறகு சுள்ளென்று வெயிலடிக்கிற நாட்கள். அப்படி ஒரு நாள் எங்களை மேல்மலைக்கு அனுப்பாமல் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்திலேயே கீழ்மலையில் பறிக்கச் சொன்னார்கள். நான் வழக்கமான நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டேன். வேண்டுமென்றேதான். முன்வாசலால் போகவில்லை, பின்பக்கத்துச் சமையலறை வழியாக நுழைந்தேன். ஆயாம்மா இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கத்தரிப்பூச் சேலைத் தொட்டில் காலியாகத் தொங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

மல்லிகை வாசம் வந்தது.

சமையலறைக்கும் விறகு அடுக்குகிற அறைக்கும் நடுவில் பலகை மறைப்பு. பலகைகளுக்கு இடையில் இடுக்கு. இடுக்கைக் கண்டால் கண்ணை வைக்காமல் போகிற ஆள் நானில்லை.

சாக்கை விரித்து, விறகில் சாய்ந்து சரஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீளமாக ஒரு துணிப்பட்டி அவிழ்ந்து கிடந்தது, அதற்குள் மல்லிகைப் பூக்கள், நசுங்கிப் பழுப்பேறி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை தவறிப்போன தாய்க்குப் பால் வற்றுவதற்காக நெஞ்சில் மல்லிகையை வைத்துக் கட்டுவார்கள். என் சின்னம்மாவுக்கு அப்படிக் கட்டியதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். சரஸின் புருஷன் தலவாக்கலைக்குப் போய்ப் போய் பூ வாங்கி வந்திருக்கிறான், பால் வற்றட்டும் என்று. அவள் கட்டியும் இருக்கிறாள். கட்டிய பூவை இங்கே வந்து அவிழ்த்தும் இருக்கிறாள். நான் இத்தனை நாளும் தலையில் வைக்கிற பூவையே தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளே பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கியிருப்பேன். பலகையில் கையும் வைத்துவிட்டேன். எத்தனை வருஷம் காத்திருந்து பெற்றது! பீலிக்கரையில் முகத்தை மூடி மூடிக் காப்பாற்றிய பிள்ளை, அந்த மடியிலேயே கிடக்கிறது. பலகையை அழுத்திப் பிடித்தேன். பயமா கோபமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது தர்ஷினி ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தாள். வீட்டில் என்னிடம் தேய்ப்பாளே, அதே தேய்ப்பு.

சரஸ் அழவில்லை. குனிந்து பிள்ளையிடம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா... மெதுவாக் குடிடி. ஒங்கம்மா வந்துருவாங்க. அவுங்களுக்கும் கொஞ்சம் வயித்துல எடம் வச்சுக்க.”

அந்த வார்த்தையை நான் அங்கேயே நின்று திருப்பித் திருப்பிச் சோதித்துப் பார்த்தேன். நீட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நான் மேல்மலையில் மேகத்துக்குள் நிற்கும்போது என் பிள்ளை இங்கே பசியில் கத்தியிருக்கிறது. இவள் அங்கே பால் கட்டி வலியில் கிடந்திருக்கிறாள். ஆயாம்மா இரண்டு சத்தத்தையும் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் நடந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழக்கமான இடத்தில் போய் நின்றேன்.

தண்ணி வாளியோடு ஆயாம்மா உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் வெற்றிலை மெல்லுவது நின்றது.

“என்னாடி, இந்நேரத்துக்கு?”

“இன்னைக்குக் கீழ்மலைங்க.”

அவர் பலகை மறைப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாளியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். வெளியே கண் கூசுகிற வெயில். படங்குகூட நனையாத நாள் அது.

“காஞ்சிட்டியா?” என்றார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“இன்னும் காயலைங்க ஆயாம்மா” என்றேன்.

வாளியை வைத்துவிட்டு வந்து, புறங்கையை என் முதுகில் வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் கை அங்கேயே இருந்தது.

“ஆமா. இன்னும் ஈரமாத்தான் இருக்கு. நில்லு” என்றார். குனிந்து அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினார்.

முதுகு சுட்டது. நான் நகரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் பிள்ளை சப்புகிற சத்தம் கேட்கக் கேட்க, இங்கே என் சட்டையின் முன்பக்கம் நனைந்துகொண்டே வந்தது. ஆயாம்மா அதையும் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்காரர், “சி.ஐ.டி. முகம் என்னா ஒரு மாதிரி? என்னமும் அகப்பட்டுச்சா?” என்று கேட்டார். “ஒன்னும் அகப்படலைங்க” என்றேன். விளக்கேற்றும்போது அம்மனிடம் எந்த விசாரணையும் வைக்கவில்லை. பிள்ளை பகலில் பால் குடிக்க வேண்டும் என்றுதானே கேட்டிருந்தேன்? நான் கேட்பதற்கு முன்னாலிருந்தே அவள் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். யார் மடி என்று நான் சொல்லவில்லை, அம்மனும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சில்லாமல் பொங்கல் வைத்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டேன். முதல் தடவையாக, சந்தோஷத்தின் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதன் பிறகு மழையோ வெயிலோ, நான் போய் அடுப்படியில் நிற்பேன். ஆயாம்மா தொட்டுப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம்” என்பார். சில நாள் நானே, “இன்னும் கொஞ்சம் நிக்கிறேங்க” என்பேன். கொஞ்ச நாளில் பிள்ளைத் தலையிலிருந்து மல்லிகை வாசம் நின்றுபோனது. உடனே எனக்குப் பழைய குணம் வந்துவிட்டது. ஏன் நின்றது? அப்புறம்தான் புரிந்தது, சரஸ் நெஞ்சில் பூக் கட்டுவதை விட்டுவிட்டாள். தர்ஷினியும் என்னிடம் பகலில் குடிக்கத் தொடங்கினாள். எனக்கென்று கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு வந்தாள். பீலிக்கரையில் சரஸைக் கண்டால் நான் முந்தானையை இழுக்கவில்லை. மற்றப் பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஆயாம்மா பால்மாவை எடுத்தது உண்மைதான். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். “ஒரு கரண்டிதாண்டி, தொண்ட காயுது” என்றார். அந்த ஒன்றிலாவது நான் நினைத்தது சரியாக இருந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

தர்ஷினி சோறு தின்னப் பழகி, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய சமயம் சரஸ் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகக் கிளம்பினாள். போகிற அன்று லயத்தில் எல்லா வீட்டுக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் வாசலில் நின்று, தூக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். நானே பிள்ளையை எடுத்துக் கையில் கொடுத்தேன். கொடுத்ததுதான் தாமதம், தர்ஷினி அவள் மார்பில் முகத்தைப் புதைத்துத் தேடினாள். நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“வாறேங்கக்கா” என்று பிள்ளையைத் திருப்பித் தந்தாள். படியிறங்கப் போனவள் நின்று, “வெயில் நாளுல நனையாம இருங்கக்கா” என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆயாம்மா சொல்லியிருக்கிறார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க என் வாய் துடித்தது. விசாரிக்கவில்லை.

“போற எடத்துல தலையில பூ வச்சுக்க சரஸு” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பஸ் திரும்புகிற வளைவு வரைக்கும் அவளுடைய நீலப் பை தெரிந்தது. இரண்டு கடிதம் வந்ததாகச் சொன்னார்கள். பிறகு அவள் புருஷனும் லயத்தை விட்டுப் போனான். வத்தளைப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார், இல்லை வெளிநாட்டிலேயே இருக்கிறாள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நான் நம்பவில்லை. தலையில் பூ வைத்திருப்பாள் என்பதை மட்டும் நம்புகிறேன்.

தர்ஷினி மத்தியானம் தூங்கி எழுந்ததும் மறுபடி கேட்டாள். “சொல்லுங்கம்மா, ஏன் அந்த வாசம்?” பாதிதான் சொன்னேன். “சின்னதுல ஒன்னத் தூக்குனவங்க ஒருத்தவங்க மல்லியப்பூ வச்சிருந்தாங்க. ஒம்மேல ரொம்பப் பிரியம்” என்றேன். யாரென்று கேட்டாள். சரஸ் என்று பெயரைச் சொன்னேன். நல்ல பேரும்மா என்றாள். கொழும்புக்குத் திரும்பும்போது பாதிச் சரத்தை எனக்கு வைத்துவிட்டுப் போனாள். அதை மாரியம்மன் படத்துக்குச் சாத்தினேன்.

நான் இப்போது கொழுந்துக்குப் போவதில்லை, வீட்டில் தையல். நேற்றுப் பிள்ளைகளுக்குத் தைத்த உடுப்பைக் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பெயர்கூட மாறிவிட்டது. தரைக்குக் கல் பதித்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கட்டில் இருக்கிறது, சுவரில் பூனையும் யானையும் வரைந்திருக்கிறார்கள். மூலையில் ஒரு கமெரா. சேலைத் தொட்டில் இல்லை. ஆயாம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. சுத்தமாக, வெளிச்சமாக, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் இருக்கிறது. நான் தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வெளியே மழை பிடித்தது. மலையிலிருந்து ஓர் இளம் தாய் தெப்பமாக நனைந்து ஓடி வந்தாள். கையைக் கழுவினாள், துண்டால் துடைத்தாள், பிள்ளையை வாங்கிக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. முதுகைத் தொட்டுப் பார்க்கவும் ஒருவரும் வரவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தேன். காஸ் அடுப்பு, பளபளவென்று அணைந்து கிடந்தது. பலகை மறைப்பு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர், ஓர் இடுக்குக்கூட இல்லை.

குடை கொண்டு போயிருந்தேன், ஒரு பொட்டு நனையவில்லை. இருந்தாலும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே வேலை செய்கிற பிள்ளை வந்து, “என்னா ஆன்ட்டி, மழ விடட்டும்னு நிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

“இன்னும் காயலம்மா” என்றேன்.